டிரையத்லானுக்கு ஆற்றில் நீந்தலாமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் வேறு மாநிலத்தில் நடக்கும் ஒரு டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) முதல்முறையாகக் கலந்துகொள்கிறேன். 1.5 கிலோமீட்டர் நீச்சல் ஆற்றில். இதுவரை நீச்சல் குளத்தில்தான் பழகியிருக்கிறேன். அந்த ஆறு இரண்டாம் வகுப்பு, சுத்தமானது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இப்போது தினமும் சாயங்காலம் மழை. கென்சிங் திக்குஸ் (எலிக்காய்ச்சல்) வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார், கேரளாவில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்தியை வேறு பார்த்துவிட்டார். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள், நீந்தி முடித்ததும் கோலா குடி என்கிறார்கள் நண்பர்கள். என்னோடு பயிற்சி செய்யும் நண்பருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. நாங்கள் நீந்தலாமா?

பதில்: உங்கள் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அவர் சரியான நோயைத்தான் சொல்கிறார். ஆனால் "நீந்தலாமா" என்பதற்கு இன்றைக்கே ஆம், இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் பெய்யும் மழையும் அன்றைக்கு உங்கள் தோல் இருக்கும் நிலையும்தான் அதைத் தீர்மானிக்கும், ஏற்பாட்டாளர்கள் காட்டும் சான்றிதழ் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "இரண்டாம் வகுப்பு". நம் சுற்றுச்சூழல் துறை ஆறுகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவைகள் இருக்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், ஆக்சிஜன் தேவையைக் காட்டும் இரண்டு சோதனைகள், அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண் துகள், அமில காரத் தன்மை, அவ்வளவுதான். இதில் கிருமி எங்கே? இல்லை. மீன் வாழுமா, குடிநீருக்குச் சுத்திகரிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பார்க்க அது நல்ல குறியீடு, ஆனால் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் போக அரை மணி நேரம் நீந்தப் போகிற உங்களுக்கு அது பாதிப் பதில்கூட இல்லை. உடல் நேரடியாகப் படும் பொழுதுபோக்குக்கு நம் தேசிய தரத்தில் தனியாக 2பி என்று ஒரு வகுப்பு உண்டு, அதில்தான் மலக் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 400 என்ற வரம்பு வருகிறது. உலக டிரையத்லான் அமைப்பு ஆறு, ஏரிகளுக்கு, மலம் கலந்திருப்பதைக் காட்டும் இரண்டு கிருமிகளான இ.கோலை 1,000, என்டரோகாக்கை 400 என்று வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் 100 மில்லிலிட்டருக்கு. ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் "ஆறு சுத்தமா" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் சுத்தம் என்றுதான் சொல்வார்கள். இ.கோலை எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தது, நாங்கள் இறங்கும் இடத்தில் எடுத்ததா, அதற்குப் பிறகு மழை பெய்ததா என்று கேளுங்கள். பணம் கட்டியிருக்கிறீர்கள், இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்தான்.

தேதியை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கச் சொல்கிறேன் என்றால், வழக்கமான இ.கோலை சோதனையில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். கையில் கிடைப்பது எப்போதும் நேற்றைய தண்ணீரின் கணக்குதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செய்ன் நதியைச் சுத்தம் செய்ய நூறு கோடி யூரோவுக்கும் மேல் செலவு செய்தார்கள், அப்படியும் தொடக்க விழாவன்று கொட்டிய மழைக்குப் பிறகு தண்ணீர் கெட்டு, ஜூலை 30ஆம் தேதி நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அவ்வளவு பணமும் அவ்வளவு கண்காணிப்பும் இருந்த இடத்திலேயே மழை இப்படிச் செய்தது என்றால், நம்மூர்ச் சாயங்கால மழை என்ன செய்யும் என்று யோசியுங்கள். கால்வாய்த் தண்ணீர், கழிவுத் தொட்டி நிரம்பி வழிவது, மாட்டுக் கொட்டகை, சந்தைக் கழிவு, எலி ஓடும் இடமெல்லாம் கழுவிக்கொண்டு ஒரே நேரத்தில் ஆற்றுக்குள் வருகிறது.

அடுத்து கென்சிங் திக்குஸ், தமிழில் எலிக்காய்ச்சல், மருத்துவத்தில் லெப்டோஸ்பைரோசிஸ். எலி மட்டுமில்லை, மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வெளியே வரும். தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் உள்ள சிறு கீறல், ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இ.கோலை சோதனை மலத்தின் அடையாளத்தைத் தேடுகிறது, எலிக்காய்ச்சல் கிருமி வருவதோ சிறுநீரில். இ.கோலை குறைவாக இருந்தால் வயிற்றுப்போக்குக்கான ஆபத்து குறைவு என்று சொல்லலாம், எலிக்காய்ச்சல் வராது என்று சொல்ல முடியாது. 2010இல் பஹாங் மாரானில் உள்ள லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் சிலர் எலிக்காய்ச்சலும் மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயும் தாக்கி உயிரிழந்தார்கள். அது சாக்கடை ஆறு அல்ல, காட்டுக்குள் இருக்கும், குடும்பத்தோடு குளிக்கப் போகும் இடம். உலு லங்காட் பக்கம் பயிற்சிக்குப் போனாலும் இதை மனதில் வையுங்கள், தெளிவான தண்ணீர் என்பது கிருமி இல்லாத தண்ணீர் இல்லை.

விளையாட்டுப் போட்டிகளிலும் இது நடந்திருக்கிறது. 2000இல் சபாவில் நடந்த இகோ சேலஞ்ச் சாகசப் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொண்டு விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்குப் பொருந்தும் அறிகுறிகள் இருந்தன, செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. யாரும் இறக்கவில்லை, ஆனால் 29 பேர் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. அது பல நாள் காட்டிலும் சேற்றிலும் ஓடிய பந்தயம், உங்களுடையது அவ்வளவு கடுமையானது அல்ல. உங்களுக்கு நெருக்கமான உதாரணம் 1998இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நடந்த டிரையத்லான். அதற்கு முன் பலத்த மழை பெய்திருந்தது. விசாரித்த 834 பேரில் 98 பேர் நோயுற்றார்கள், ஏரித் தண்ணீரை ஒரு வாயாவது விழுங்கியவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. பாருங்கள், மீண்டும் மழை. அந்த ஒரு வாய்த் தண்ணீரைத் தவிர்ப்பதையும் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். புதியவர்கள் கூட்டத்தில் பதற்றப்பட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போதுதான் அதிகம் விழுங்குகிறார்கள். இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுங்கள், அலை ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் திரும்பலாம். தொடக்கத்தில் நெரிசலுக்குள் போகாமல் ஓரமாக, கொஞ்சம் பின்னால் நின்று புறப்படுங்கள், அதில் போகும் ஒரு நிமிடத்தை சைக்கிளில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆன்டிபயாட்டிக் பற்றி. டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை எடுத்தால் எலிக்காய்ச்சலைத் தடுக்க உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, காட்டுக்குள் போகும் ராணுவ வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வது முழுத் தவறு இல்லை. ஆனால் காயம் இல்லாத, ஆரோக்கியமான ஒருவருக்கு, மழையில்லாத நாளில் அரை மணி நேர நீச்சலுக்கு நான் அதை எழுதிக் கொடுக்க மாட்டேன். வெயில் பட்டால் தோல் எரிந்து சிவந்துபோகும் பக்க விளைவு அதற்கு உண்டு, நீங்களோ நீச்சல் முடிந்ததும் நம்மூர் வெயிலில் 40 கிலோமீட்டர் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் போகப் போகிறீர்கள். வயிற்றைப் புரட்டும், போதுமான தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்களை அது தொடவே தொடாது. வெள்ளம் வடிந்த ஆறு, உடலில் கீறல், பல மணி நேரம் தண்ணீரில் என்றால் பேச்சு வேறு. அப்போது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். நண்பர் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து மிச்ச மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

கோலா விஷயம் சுருக்கமாக: பிரயோஜனம் இல்லை. நம் வயிற்று அமிலமே கோலா அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ புளிப்பானது, அதையும் தாண்டி வாழும் கிருமிகள்தான் வயிற்றுப்போக்கைத் தருகின்றன. தோல் வழியாகவும் கண் வழியாகவும் நுழையும் எலிக்காய்ச்சல் கிருமிக்கு நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதே தெரியாது. தாகத்துக்கும் சர்க்கரைக்கும் குடிப்பதென்றால் குடியுங்கள். வயிற்று அமிலம் என்றதும் இன்னொன்று, கேஸ்ட்ரிக்குக்கு ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அமிலம் குறைந்திருப்பதால் குடல் தொற்று எளிதாக வரும். நீங்கள் அப்படி எடுப்பவராக இருந்தால் எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ முன்னாடியே சொல்லுங்கள்.

கேரள அமீபா உண்மையான நோய்தான், வந்தால் பிழைப்பது கடினம், ஆனால் மிக மிக அரிது. வெதுவெதுப்பான நன்னீர் மூக்கு வழியாக மேலே ஏறினால்தான் வரும், குடிப்பதால் வராது. மூக்குக் கிளிப் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கலங்கிய ஆழமில்லாத இடத்தில் அடிமண்ணைக் காலால் கிளறாதீர்கள், அம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

தோலுக்கு வருவோம், ஏனென்றால் இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. காலில் முடி மழிக்கும் பழக்கம் இருந்தால் போட்டிக்கு மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள், முந்தைய இரவு மழித்தால் கண்ணுக்குத் தெரியாத நூறு வாசல்களைத் திறந்து வைக்கிறீர்கள். சைக்கிள் பயிற்சியில் விழுந்த சிராய்ப்பு, புது ஷூ கடித்த கொப்புளம் எதுவும் அந்த வாரம் வேண்டாம். சின்ன ஆறிய கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டலாம், அது ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. திறந்த புண் இருந்தால் இறங்காதீர்கள். உடை உரசும் கழுத்து, அக்குள் பகுதியில் வாசலின் தடவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆற்றில் இறங்கவே கூடாது, பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது. முடித்ததும் சைக்கிளுக்கு ஓடும் இடத்தில் ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீர் வைத்திருங்கள், வாயைக் கொப்பளித்துத் துப்பி, கையைக் கழுவிவிட்டு அப்புறம் சாப்பிடும் எனர்ஜி ஜெல்லைத் தொடுங்கள்.

தடுப்பூசியில் மூன்று: டெட்டனஸ் போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் போடுங்கள். ஹெப்படைட்டிஸ் ஏ, டைஃபாய்டு இரண்டும் வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், உங்களுக்கு இருப்பது மூன்று வாரம், ஆகவே இந்த வாரமே போய்ப் போட்டுவிடுங்கள்.

போட்டிக்கு முந்தைய மூன்று நாளும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் அந்த ஆற்றின் மேல்பகுதி மழையளவையும் நீர்மட்டத்தையும் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மலையில் கொட்டியிருக்கலாம். கடைசி இரண்டு நாளில் கனமழை என்றால் நான் நீந்த மாட்டேன், உங்களையும் நீந்தச் சொல்ல மாட்டேன், ஏற்பாட்டாளர்கள் நீச்சலை எடுத்துவிட்டு ஓட்டம், சைக்கிள், ஓட்டமாக மாற்றினால் கோபப்படாதீர்கள், அது நல்ல முடிவு. மண்ணெண்ணெய், பெயின்ட் மாதிரி வாடை வந்தால் எந்த எண்ணைக் காட்டினாலும் இறங்காதீர்கள். 2020 செப்டம்பரில் ரவாங் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது நினைவிருக்கும், அப்படிப்பட்ட ரசாயனம் எந்த இ.கோலை சோதனையிலும் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்து, மட்டம் ஏறுவதாகத் தெரிந்தால் அது கெப்பாலா ஆயிர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், கிருமியைப் பற்றி யோசிக்க நேரமில்லை, கரைக்குப் போங்கள்.

போட்டி முடிந்த பிறகுதான் நான் அதிகம் பயப்படும் பகுதி. வயிற்றுப்போக்கு ஓரிரு நாளில் வந்துவிடும், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தால் பெரும்பாலும் தானே போய்விடும், ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் நிறுத்தும் மாத்திரை போடாமல் கிளினிக்குக்கு வாருங்கள். எலிக்காய்ச்சல் அப்படியில்லை, பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதற்குள் நீங்கள் வேலைக்குத் திரும்பி ஆற்றை மறந்திருப்பீர்கள். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் சிவந்த கண். கோலாலம்பூரில் இப்படி வந்தால் எல்லோரும் முதலில் டிங்கிக்குச் சோதிப்போம், அது சரிதான், இரண்டிலும் பிளேட்லெட் குறையலாம், ஆரம்பத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் டிங்கிக்கு ஆன்டிபயாட்டிக் இல்லை, எலிக்காய்ச்சலுக்கு உண்டு, அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் சிறுநீரகமும் நுரையீரலும் தப்பும். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் "இன்ன தேதியில் ஆற்றில் நீந்தினேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதுவரை பாராசெட்டமால் மட்டும், புருஃபென், பொன்ஸ்டான் வகை வலி மாத்திரை வேண்டாம், டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

உங்கள் நண்பருக்கு நான் சொல்வது வேறு. இனிப்பு நீர் உள்ளவர்களை மெலியாய்டோசிஸ் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது, மழைக்குப் பிறகு அந்தக் கிருமி மண்ணிலிருந்து தண்ணீருக்கு வருகிறது, காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் இருப்பதே அவருக்குத் தெரியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலோ காலில் புண்ணோடோ இருந்தால் இந்தப் போட்டியில் அவர் நீந்த வேண்டாம். குழுவாகப் பங்கேற்கும் பிரிவு இருந்தால் சைக்கிளை அவர் எடுத்துக்கொள்ளட்டும். கட்டுக்குள் இருக்கிறது என்றால், கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி முடிவோடு, செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு உங்கள் நண்பர் முடிவு செய்யட்டும், அதுவும் இந்த வாரமே.