வீட்டுக்காரரின் கார்டு கடன், இருவர் பெயரில் வீட்டுக் கடன்: ஏஜென்சி சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. நான் எய்டட் பள்ளியில் ஆசிரியை; கையில் 38,000 வருகிறது. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், 46,000 சம்பளம். எட்டு சென்ட் நிலமும் வீடும் எங்கள் இருவர் பெயரில். கோவையில் ஒரு வங்கியில் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கினோம். இன்னும் 19 லட்சம் பாக்கி, மாதம் 21,800 தவணை. அதில் ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் அவருக்கு இரண்டு கிரெடிட் கார்டில் நான்கு லட்சமும், ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் பர்சனல் லோன் மூன்றரை லட்சமும் இருப்பது ஓணம் லீவில்தான் எனக்குத் தெரிந்தது. போதாததற்கு, அவர் ஏலம் எடுத்த கேஎஸ்எஃப்இ சிட்டிக்கு (கேரள அரசு நிறுவனம் நடத்தும் சீட்டு) என் சம்பள சர்டிபிகேட்டை வைத்து நான்தான் ஜாமீன். கோவையில் ஒரு செட்டில்மென்ட் ஏஜென்சிக்காரர்கள், "கார்டு, லோன் கட்டுவதை நிறுத்துங்கள், மாதம் 15,000 எங்களிடம் கொடுங்கள், ஆறு மாதத்தில் பாதிக்குப் பேசி முடிக்கிறோம், வீட்டுக் கடனுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் இதே போன்ற திட்டத்தில் கடனை அடைத்தவர். அவரும் சேரச் சொல்கிறார். சேரலாமா? என் சம்பளத்துக்கும் நகைக்கும் ஆபத்து உண்டா? அவர் பங்கை என் பெயருக்கு எழுதிக்கொண்டால் வீடு தப்புமா?

பதில்: சேர வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு கார்டுகளில் ஏதாவது ஒன்று, வீட்டுக் கடன் கொடுத்த அதே வங்கியுடையதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஏஜென்சிக்காரர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஏனென்றால் வங்கிகள் வாராக்கடனைக் கணக்கு வாரியாகப் பார்ப்பதில்லை, ஆள் வாரியாகப் பார்க்கின்றன. இது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருவருக்கு ஒரே வங்கியில் மூன்று கடன் இருந்து, அதில் ஒன்று 90 நாள் கட்டப்படாமல் நின்றால், மற்ற இரண்டும் ஒழுங்காகப் போனாலும் மூன்றுமே வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். வெளியே வர வேண்டுமானால் எல்லாக் கணக்கின் பாக்கியையும் முழுதாகக் கட்ட வேண்டும். ஆக, "வீட்டுக் கடனுக்கு ஒன்றும் ஆகாது" என்று நம்பி அதே வங்கியின் கார்டை ஆறு மாதம் கட்டாமல் விட்டால், மூன்றாம் மாத முடிவிலேயே வீட்டுக் கடனும் மாட்டிக்கொள்ளும். நீங்கள் கூட்டுக் கடன்தாரர் என்பதால் அந்தக் கறை உங்கள் சிபில் ரிப்போர்ட்டிலும் ஏறும், இத்தனை வருடமாக ஒரு தவணைகூடத் தவறாதிருந்தும்.

வீட்டுத் தவணை சரியாகப் போகும்போது வங்கி சர்ஃபேசி சட்டப்படி (அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி கைப்பற்ற வழி தரும் சட்டம்) நோட்டீஸ் அனுப்ப முடியுமா என்று கேட்டால், அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு அடமானக் கடனிலேயே தவணை தவறியிருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்து எதிர்த்து வாதாடலாம். ஆனால் உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "வங்கியில் உள்ள வேறு எந்தக் கடனில் தவறினாலும் இந்தக் கடன் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம்" என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம்தான். இன்னொன்று, அவர் சம்பளம் அதே வங்கியில் விழுகிறதா? கார்டு பாக்கிக்காக வங்கி அந்தச் சம்பளத்தில் கை வைத்தால், அடுத்த வாரம் போக வேண்டிய வீட்டுத் தவணை பணமில்லாமல் திரும்பும். நிஜத்தில் வீட்டுக் கடன்கள் இப்படித்தான் கெடுகின்றன. யாரும் வேண்டுமென்றே நிறுத்துவதில்லை.

கார்டுகள் இரண்டும் வேறு வங்கிகளுடையவை என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். அவை ஈடில்லாத கடன்கள். அவர்கள் சிவில் கோர்ட்டுக்கோ ஆர்பிட்ரேஷனுக்கோ (நடுவர் விசாரணை) போய், உத்தரவு வாங்கி, அப்புறம்தான் ஜப்திக்கு வர முடியும். அப்போதும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. வீட்டுக்காரரின் 46,000-ஐ வைத்துப் பார்த்தால் மாதம் அதிகபட்சம் 15,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. பிஎஃப் பணத்தைத் தொட முடியாது. உங்கள் சம்பளத்தை அவர் கார்டுக்காக ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. மனைவி என்பதற்காகக் கணவரின் கடன் உங்கள் மேல் வராது. ஆனால் வீட்டில் அவருக்குள்ள பாதிப் பங்கை, வங்கியின் அடமானத்துக்கு உட்பட்டு, ஜப்தி செய்யக் கேட்கலாம்.

உங்கள் அண்ணன் சேர்ந்த திட்டத்தை அங்கே டெட் மேனேஜ்மென்ட் பிளான் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், அது நடக்கும் ஊரில். ஸ்டெப்சேஞ்ச் மாதிரியான தொண்டு நிறுவனங்கள் கட்டணமே வாங்காமல் நடத்துகின்றன. கார்டு, பர்சனல் லோன் போன்றவற்றை மட்டும் சேர்த்து மாதம் ஒரு தொகை கட்டுவார்கள். வீட்டு அடமானக் கடன் அதில் சேராது. அதைத் தனியாக, முதலில் கட்டியே ஆக வேண்டும். அங்கேயும் அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமல்ல. கடன் கொடுத்தவர் வட்டியை நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். கோர்ட்டுக்குப் போய் வீட்டின் மீதே சார்ஜிங் ஆர்டர் (கடனுக்கு வீட்டை ஈடாக்கும் உத்தரவு) வாங்கவும் வழி உண்டு. தவறிய கடனின் பதிவு ஆறு வருடம் நிற்கும். கூட்டுக் கடனில் ஒருவர் மட்டும் திட்டத்தில் சேர்ந்தால் மற்றவரிடம் முழுத் தொகையையும் கேட்பார்கள். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், அவர் மார்ட்கேஜை ஒரு மாதமாவது நிறுத்தினாரா என்று.

நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. 2016-ன் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்திருக்கிறது. சாதாரணச் சம்பளக்காரருக்கு இன்றும் பழைய திவால் சட்டம்தான். செட்டில்மென்ட் ஏஜென்சிகளுக்கு ரிசர்வ் வங்கி உரிமம் எதுவும் தருவதில்லை. அவர்கள் கேட்கும் 15,000-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வரும். நான்கு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 80,000 ஏறும்; தாமதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. அதாவது அவர்கள் பேசி முடிக்கும் "பாதி", இன்றைய தொகையில் பாதியாக இருக்காது. பர்சனல் லோனுக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணையை நிறுத்தச் சொல்வார்கள். பணமில்லாமல் அது திரும்பினால் 2007-ன் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25-ஆம் பிரிவில் செக் பவுன்ஸ் போலவே கிரிமினல் வழக்கு போடலாம். வழக்கு வீட்டுக்காரர் மேல் வரும், ஏஜென்சி மேல் அல்ல.

செட்டில்மென்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. குறைத்துக் கட்டிய கடன், ரிப்போர்ட்டில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். சமரசம் செய்துகொடுத்த வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு அவருக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்பது 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. உங்கள் ரிப்போர்ட்டில் அவருடைய கார்டு எதுவும் வராது. ஆனால் நாளைக்கு வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாற்றப் போனால், வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரும் இருப்பதால் அவர் ரிப்போர்ட்டையும் பார்ப்பார்கள்.

இத்தனையையும் விட எனக்குப் பெரிய கவலை சிட்டிதான். நீங்கள் அதைப் "போதாததற்கு" என்று ஒரு வரியில் சொல்லிப் போகிறீர்கள். மற்றக் கடன்களில் உங்களுக்குள்ள பாதுகாப்பு இதில் இல்லை. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்; ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு. அவர் ஏலத் தொகையை வாங்கியாகிவிட்டது. மீதித் தவணைகள் நின்றால், சம்பள சர்டிபிகேட் கொடுத்தவர் என்ற முறையில் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். கேரள வருவாய் மீட்புச் சட்டப்படி தாலுகா ஆபீஸ் வழியாக ஜப்திக்கும் வரலாம். இதற்கு சிவில் கோர்ட் தீர்ப்பு தேவையில்லை. அதனால் மாதச் சம்பளம் வந்ததும் வீட்டுத் தவணை, அடுத்து சிட்டி, அடுத்து அதே வங்கியின் கார்டு இருந்தால் அது. மற்றவை அதன் பிறகு.

அவர் பங்கை உங்கள் பெயருக்கு எழுதும் யோசனையை விட்டுவிடுங்கள். அடமானத்தில் இருக்கும் சொத்தை வங்கியின் சம்மதம் இல்லாமல் மாற்றுவது ஒப்பந்த மீறல். சம்மதம் கிடைத்தாலும், கடன் கொடுத்தவர்களை ஏய்க்க எழுதியது என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்பார்கள். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது மனைவிக்கு எழுதிய தானப் பத்திரத்தை எந்தக் கோர்ட்டும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முத்திரைக் கட்டணமும் வீண். சித்தூர் தாலுகாவில் வேறொரு பேச்சும் அடிபடும்: வில்லேஜ் ஆபீஸ் பதிவில் "நிலம்" (கேரளத்தில் வயல் என்று பொருள்) என்று இருந்தால் விவசாய பூமி, சர்ஃபேசி வராது என்று. வீடு கட்டிக் குடியிருக்கும் இடத்துக்கு இது எடுபடாது. கோர்ட் பார்ப்பது உண்மையில் அங்கே விவசாயம் நடக்கிறதா என்பதை.

நகை உங்களுடையது. கேரளத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில் 2024-லும், சீதனம் மனைவியின் தனிச் சொத்து, கணவர் நெருக்கடிக்கு எடுத்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று சொன்னார்கள். தாலி போல மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்க முடியாத நகையை 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் நீங்களே அடகு வைத்தால் அது வேறு கதை. சட்டம் உங்கள் நகையைக் காப்பாற்றியிருக்கும்போது நீங்கள் ஏன் அதைக் கார்டு வட்டிக்குக் கொட்ட வேண்டும்?

இனி செய்ய வேண்டியது. உங்கள் சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுந்தால் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். இது ஒளிப்பதல்ல, உங்கள் பணம். கூட்டுக் கணக்கை யாராவது முடக்கினால் எது யார் பணம் என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுத் தவணையை உங்கள் தனிக் கணக்கிலிருந்தே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு ரிப்போர்ட் தர வேண்டும். இருவருடையதையும் எடுத்துப் பாருங்கள். அவர் உங்களிடம் சொன்னதற்கு மேல் ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கார்டு இன்னும் 90 நாள் தவறவில்லை என்றால், இப்போதே வீட்டுக் கடன் வங்கியில் நான்கு லட்சம் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்டுப் பார்க்கலாம். 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 8,500 வரும். கார்டில் இப்போது வட்டி மட்டுமே மாதம் 13,000 ஓடுகிறது. இந்த வழி எனக்கு முழுக்கப் பிடித்ததில்லை. ஈடில்லாத கடனை வீட்டின் மேல் ஏற்றுகிறீர்கள், உங்கள் கையெழுத்தோடு. கார்டு இரண்டையும் மூடி, மூடியதற்கான கடிதம் உங்கள் கைக்கு வரும் என்றால் மட்டும் செய்யுங்கள். பர்சனல் லோனை அதில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டு, வீட்டுக்காரரே கம்பெனிக்கு எழுதட்டும். வீட்டுக் கடனை "ரீஸ்ட்ரக்சர்" செய்ய, அதாவது தவணை விதிகளை மாற்றியமைக்க, மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பெயரே உங்கள் இருவர் ரிப்போர்ட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உங்கள் பள்ளிக்கோ மாமியார் வீட்டுக்கோ போய் அவமானப்படுத்துவதும் ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம். தேதி, நேரம், நம்பர் குறித்து வைத்து முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்).

எப்போதாவது 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். கட்ட 60 நாள் உண்டு. அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வங்கி சுவாதீனத்துக்கு வந்தால் 45 நாளுக்குள் டிஆர்டியில் (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) மனுப் போடலாம். சொத்து இருக்கும் இடத்திலும் போடலாம், கடன் கணக்கு இருக்கும் கிளையின் இடத்திலும் போடலாம். எல்லையில் இருப்பதால் எர்ணாகுளம், கோயம்புத்தூர் இரண்டும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. உங்களுக்கு கோவைதான் கிட்டம்.

செட்டில்மென்ட் தவிர வழியே இல்லை என்ற நிலை வந்தால் அதை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) செய்யுங்கள். ஏஜென்சி வேண்டாம், கட்டணமும் இல்லை. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் கமிட்டியில் கேளுங்கள். அங்கே வங்கி தரும் கடிதத்தில் மொத்தத் தொகை, கடைசித் தேதி, மேற்கொண்டு பாக்கி இல்லை என்ற வரி, மூன்றும் இருந்தால்தான் முதல் ரூபாயைக் கட்ட வேண்டும்.