கிரைண்டரைத் தொட்டால் ஜிவ்வென்கிறது: எவ்வளவு கரன்ட் உயிருக்கு ஆபத்து?

கேள்வி: வெட் கிரைண்டரைத் தொட்டால் சில நாளாகக் கை லேசாக ஜிவ்வென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. "சின்ன லீக்கேஜ்தான், கரன்ட் மிஞ்சினால் தானாக விழுந்து அணையும் சுவிட்சான எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்கிறார் எலெக்ட்ரீஷியன். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தருமாம், ஆனால் அதைத் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. அப்படியானால் ஆளைக் கொல்வது வோல்ட்டா, ஆம்பியரா?

பதில்: முதலில் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சு, கரன்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரல் ஒயரில் தவறுதலாக மாட்டப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் மோட்டாருக்குள் ஃபேஸ் நிற்கும்.

உடலுக்குள், அதிலும் இதயத்தின் வழியாக, எத்தனை மில்லி ஆம்பியர் எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த மில்லி ஆம்பியரை வோல்ட்டும் உடலின் மின்தடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கார் பேட்டரிக்கு எவ்வளவு திறன் இருந்தாலும், வெறும் 12 வோல்ட் காய்ந்த தோலைத் தாண்டி உணரும்படியான கரன்டைச் செலுத்தாது. அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே மோதிரமோ ஸ்பானரோ பட்டால் மட்டும் உலோகம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. அதில் சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டிக் கைத்தசைகள் இறுகிவிடும். விரலை மடக்கும் தசைகள், நீட்டும் தசைகளைவிட வலுவானவை. அதனால் பிடித்ததை விட முடியாமல் போகிறது. கரன்ட் ஆளை இழுத்து வைத்துக்கொள்வதில்லை, அவருடைய கையே விடுவதில்லை. 30 மில்லி ஆம்பியர் அளவில் நெஞ்சுத் தசைகள் இறுகி மூச்சு தடைபடலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை ஒரு வினாடி நீடித்தால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிக்க ஆரம்பிக்கலாம். அதன் பிறகு ரத்தம் ஓடாது. கரன்டை நிறுத்தினாலும் இதயம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும், குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

இப்போது உங்கள் கிரைண்டருக்கு வருவோம். காய்ந்த கையும் செருப்பும் சேர்ந்து 2 லட்சம் ஓம் தடை தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் பாய்வது 1 மில்லி ஆம்பியர் சொச்சம். மாவு அள்ளிய ஈரக்கை, கழுவிவிட்ட தரையில் வெறுங்கால் என்றால் தடை 1,500 ஓமுக்கே இறங்கிவிடலாம். மோட்டாரின் இன்சுலேஷனும் முழுதாக விட்டுப்போயிருந்தால் அப்போது பாய்வது 150 மில்லி ஆம்பியர். நேற்று ஜிவ்வென்று மட்டும் இருந்தது என்பதை நாளைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. கரன்ட் போகும் பாதையும் முக்கியம்: கையிலிருந்து காலுக்குப் போனால் நெஞ்சைக் கடந்துதான் போகும், ஒரே கையின் இரு விரல்களுக்கு இடையே என்றால் பெரும்பாலும் சுடுகாயத்தோடு போய்விடும்.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயர் சூடேறி எரியாமல் காப்பதற்கானது, 0.15 ஆம்பியர் அதற்கு ஒரு டியூப்லைட்டின் லோடுகூட இல்லை. எர்த் இருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது. வீட்டு எர்த் குழி காய்ந்து 20 ஓம் காட்டினால், கிரைண்டர் பாடியில் முழு ஃபேஸும் வந்தாலும் 11.5 ஆம்பியர்தான் பூமிக்கு ஓடும். எம்.சி.பி. விழாது, பாடியில் வோல்டேஜ் அப்படியே நிற்கும்.

இங்கே தேவைப்படுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் தருவார்கள். ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லாவிட்டால் இது விழும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு 0.3 வினாடிக்குள், 150 மில்லி ஆம்பியருக்கு 0.04 வினாடிக்குள். ஒரு இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 வினாடி ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஷாக் அடிக்காமல் தடுக்காது, அடிக்கும் நேரத்தைத்தான் வெட்டுகிறது. 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் ஆள் பாதுகாப்புக்கு உதவாது, எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு மரப்பலகையில் நிற்பவரை இது கண்டுகொள்ளாது. அவரும் அதற்கு ஒரு லோடுதான்.

கிரைண்டரில் பார்க்க வேண்டியவை: பிளக்கைத் திறந்தால் பெரிய பின்னில் பச்சை ஒயர் இருக்க வேண்டும். ஒயர் மாற்றும்போது இரண்டு கோர் கேபிளைப் போட்டுப் பச்சையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பின்னுக்கும் கிரைண்டர் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஃபேஸ் பின்னுக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷனை, அதற்கென்றே உள்ள கருவியான 500 வோல்ட் மெகரால் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மோட்டாருக்குள் மாவுத்தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது சுருள் கெட்டிருக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில் சோதிப்பதால் இந்தக் கோளாறு அதில் பிடிபடாமல் போகும். எர்த் இல்லையென்று சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தச் சாக்கெட்டில் மாட்டிய சாமானின் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் மெயினை அணையுங்கள். அது எட்டாத தூரத்தில் இருந்தால் காய்ந்த கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவற்றால் விலக்குங்கள். தெருக்கம்பி என்றால் இதுவும் கூடாது, மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை விலகியே நில்லுங்கள். ஆளுக்கு உணர்வும் இயல்பான மூச்சும் இல்லாவிட்டால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும், மயங்கியிருந்தாலோ, படபடப்பு இருந்தாலோ, சுடுகாயம் தெரிந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் காயத்துக்கு அடியில் தசை வெந்திருக்கலாம். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அந்தத் தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.