கழுத்தில் இருப்பது அழுக்கில்லை

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். எடை 72 கிலோ. ஒன்றரை வருடமாகப் பின்கழுத்து கறுத்துக்கொண்டே போகிறது. எலுமிச்சை, சோடா உப்பு, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டோம். இப்போது தெரிந்தவர் கொடுத்த நைட் கிரீமை முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுகிறாள். பரு, முடி கொட்டுதல், கருவளையம், நகத்தில் வெள்ளைப் புள்ளி எல்லாமே இருக்கிறது. கழுத்து கறுத்தால் உள்ளே புற்றுநோய் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன வருடம் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 94, நார்மல்தான். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. அவருடைய மாத்திரையில் பாதி கொடுத்தால் கழுத்து வெளுக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறது. பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிட்டேன்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள். அந்த வகைக் கறுப்பு பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் திடுதிப்பென்று படரும். கூடவே உடம்பு இளைக்கும், உள்ளங்கைத் தோல் தடிக்கும், வாய்க்குள்கூட வரும். உங்கள் மகளுக்கு மெல்ல மெல்ல ஏறியிருப்பது அதுவல்ல.

எனக்கு உறுத்துவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய மாதவிலக்கு. வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் 35 நாளைத் தாண்டிப் போவதே வழக்கமாக இருந்தால், பழியைப் பரீட்சைமேல் போடக் கூடாது. ஒருமுறை 90 நாள் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். கறுத்த கழுத்தும் தள்ளிப்போகும் மாதவிலக்கும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருந்தால் நாங்கள் முதலில் நினைப்பது, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைத்தான்.

கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று தடித்திருக்கும். அக்குளிலும் அப்படியே இருக்கலாம். சின்னச் சின்ன மருக்களும் தொங்கலாம். இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளும். அப்படி மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களை 'வளர், வளர்' என்று முடுக்கிவிடும். தோல் தடித்து மடிப்பு மடிப்பாவதால்தான் கறுப்பாகத் தெரிகிறது. அழுக்கே இல்லாத இடத்தில் நார் போட்டு உரசினால் தோல் இன்னும் தடித்துப்போகும். அந்தப் பிள்ளையின் கழுத்தை விட்டுவிடுங்கள்.

அந்த 94-ஐ வைத்து நிம்மதி அடையாதீர்கள். கணையம் இரண்டு மடங்கு வேலை பார்த்து அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கலாம். அது களைத்துப் போனால்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், அதற்குப் பல வருடம்கூட ஆகும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கும் வீட்டில் கழுத்து இத்தனை சீக்கிரம் தகவல் சொல்லியிருக்கிறது என்றால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ மகளிர் மருத்துவரையோ பாருங்கள். தோல் டாக்டர் அப்புறம். வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி (5.7 தொட்டாலே எல்லைக்கோடு), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஆண் ஹார்மோன் அளவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தாடையில் முரட்டு முடி முளைத்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அது ஆண் ஹார்மோன் கூடுவதன் அடையாளமாக இருக்கலாம், பருவும் அதே கணக்கில்தான் வரும். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று எழுதி வந்தால் அலற வேண்டாம். இந்த வயதுச் சினைப்பையில் முட்டைப்பைகள் நிறையத் தெரிவது சாதாரணம், ஸ்கேனை வைத்து மட்டும் பிசிஓஎஸ் (ஹார்மோன் குளறுபடியால் மாதவிலக்கு தள்ளிப்போகும் கோளாறு) என்று முத்திரை குத்தக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரை பங்கு போடுகிற பலகாரம் இல்லை. அதில் சில வகை, சர்க்கரை இல்லாத பிள்ளையை வகுப்பிலேயே மயக்கம் போட்டு விழவைத்துவிடும். இவளுக்கு மாத்திரை வேண்டுமா, எது, எவ்வளவு என்பதை அவளைப் பரிசோதித்த டாக்டர் முடிவு செய்யட்டும்.

அந்த நைட் கிரீம். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இருக்கிறதா? பல சிவப்பழகு கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகத்துத் தோல் மெலிந்து சிவந்து, இருக்கிற பரு பத்தாகும். இன்னும் மோசமானது பாதரசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் ஒழுகி முகமும் காலும் வீங்கி வந்தவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள் என்று அங்கிருந்த மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்துக்குப் போகுமா என்று கேட்காதீர்கள், போகும். இன்றே நிறுத்துங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது சிறுநீரில் புரதத்தையும் பார்த்துவிடுங்கள்.

நகத்து வெள்ளைப் புள்ளி எங்கேயோ இடித்துக்கொண்டது. கால்சியம் மாத்திரை வாங்காதீர்கள். கருவளையத்துக்குத் தூக்கம் போதும். தினம் 50 முதல் 100 முடி எல்லோருக்கும் கொட்டும், அதற்கு மேல் என்றால் ரத்தச்சோகை பாருங்கள்.

கழுத்துக்கு மருந்து இடுப்பில் இருக்கிறது. நாலைந்து கிலோ இறங்கினாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்கும். பட்டினி வேண்டாம். டியூஷனுக்குப் போகிற வழியில் பேக்கரி பப்ஸும் பாட்டில் ஜூஸும் நிற்கட்டும். வீட்டில் சுண்டல், முட்டை, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். டியூஷனுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடாமல் சைக்கிளில் அனுப்புங்கள். தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். கழுத்து வெளுக்க ஆறு மாதமாவது ஆகும், கொஞ்சம் நிழல் தங்கினாலும் தங்கும். 'கழுத்தைப் பார்' என்று அவள் காதில் விழும்படி இனி வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது மூன்றைக் கையோடு எடுத்துப்போங்கள்: போன வருட ரிப்போர்ட், கடைசி ஆறு மாதத் தீட்டுத் தேதிகள், அந்த கிரீம் டப்பா.