மறுநாள் வருகிற களைப்பு

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பில் வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் லயத்து வாசலில் கைத்தொலைபேசியோடு பொழுதைப் போக்குகிறார்கள் என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. வயது 25. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்பில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்தபோது, 2021 ஆகஸ்டில் எனக்குக் கொவிட் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், ஒரு கிழமை இருமல், அவ்வளவுதான், வைத்தியசாலையில் தங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு 62 படிகள். ஒரு குடம் தண்ணீரோடு ஏறிவிடுவேன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழும்ப முடியாமல் படுத்துவிடுவேன். நின்றுகொண்டிருந்தால் நெஞ்சு படபடக்கிறது. கடையில் மனக்கணக்காகவே பில் கூட்டியவள், இன்று சில்லறைக் கடைக்குப் போய் என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். ஈசிஜியும் எக்ஸ்ரேயும் சரியாக இருக்கின்றனவாம். அப்பா சோம்பல் என்கிறார். அம்மா கோயிலில் மந்திரித்து நூல் கட்டினார். தடுப்பூசியால் வந்தது என்பது அண்ணனின் கட்சி. ஓடியாடித் திரிந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அப்படிச் செய்த ஒவ்வொரு முறையும் மோசமானேன். இது நோய்தானா? குணமாகுமா? அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அந்த வரியைப் பற்றி. வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரிடமும் கேட்காமல் எழுதிய வரி அது. என் அக்காவின் மகன் இதே தொல்லையோடு இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் இருந்தவன். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த நானே அப்படி எழுதினேன் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரியை நீக்கிவிட்டேன். நான் வைத்தியன் அல்லன். அவனுக்காக வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையே கீழே எழுதுகிறேன்.

இது நோய்தான், நீண்ட கொவிட் என்று பெயர். தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிந்த பின்னும் இருக்கின்ற, குறைந்தது இரண்டு மாதங்களாவது நீடிக்கின்ற, வேறு நோயொன்றால் விளக்க முடியாத தொல்லைகளை உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் ஒரு வரையறைக்குள் கொண்டுவந்தது. களைப்பு, மூச்சுத்திணறல், மறதியும் சிந்தனைத் தடுமாற்றமும் அதில் முன்னால் நிற்கின்றன. மூன்று நாள் காய்ச்சலோடு போனவர்களுக்கும் இது வருகிறது, முதியவர்களைப் போலவே இளைஞர்களுக்கும் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. ஆகவே வைத்தியசாலையில் தங்காதவளுக்கு இப்படி வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். காய்ச்சல் விட்ட பின்பும் உடம்பு விடுபடாதிருப்பது நமக்குப் புதிதுமன்று. 2006, 2007 காலத்தில் சிக்குன்குனியா வந்தவர்கள் மாதக்கணக்கில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதை உங்கள் அம்மா மறந்திருக்க மாட்டார். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை, ஏனென்றால் மூட்டு வீங்கியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். நீண்ட கொவிட் என்ற பெயரை வைத்தவர் வைத்தியர் அல்லர், நோயாளி: எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியலாளர், 2020 மே மாதத்தில். நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி இறுதியில். ஊசி வருமுன்பே நோய் இருந்தது, பெயரும் இருந்தது. ஊசி போட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்புக் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த இடம் அந்த 62 படிகள். ஏறிவிட்டீர்கள், விழுந்தது மறுநாள். சாதாரணக் களைப்பு உழைத்த அன்றே வந்து, இரவுத் தூக்கத்தோடு போய்விடும். இந்த நோயிலோ, உழைப்புக்குப் பின் 12 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உடம்பு ஒரேயடியாகச் சரிந்து, சில நாட்களோ கிழமைகளோ அப்படியே கிடக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் செய்யப்பட்டு 2024 ஜனவரியில் வெளிவந்த ஆய்வொன்றில், இப்படிச் சரிகின்ற 25 பேரையும் கொவிட்டிலிருந்து முற்றாகத் தேறிய 21 பேரையும் நிலையான சைக்கிளில் மிதிக்க வைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத் தசையில் சிறு துண்டெடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில், உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தரும் மைட்டோகொண்ட்ரியாவின் வேலை மிதித்த பிறகு மேலும் தாழ்ந்திருந்தது, தசை இழைகளில் சேதமும் கூடியிருந்தது. ஓடியாடித் திரிந்தபோதெல்லாம் மோசமானேன் என்று நீங்கள் எழுதியதை, பொய் சொல்லத் தெரியாத தசைத் துண்டும் சொல்லியிருக்கிறது. இதற்கு நெருங்கிய உறவான நாட்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் பரிந்துரைக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2021 இலேயே மாற்றி எழுதப்பட்டது.

கொழுந்தெடுக்கப் போகலாமா என்ற கேள்விக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். மலை சரிவானது, கூடை பாரமானது என்பது மட்டும் காரணமன்று. தோட்டத்துக் கணக்கு அன்றன்றைக்கு மாலையில் முடிகிற கணக்கு. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்; சரியாக இருந்தால் முழுப்பேர். நாளை நீங்கள் படுத்துக் கிடப்பீர்களா என்பது அந்தக் கொப்பியில் ஒருபோதும் ஏறாது. முழுப்பேருக்காக மாலை நான்கு மணிக்கு மேலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் உங்களைப் போன்றவர்களை ஆகக் கூடுதலாகக் கெடுக்கும். வீட்டிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. இன்றைக்குத் தண்ணீர் தூக்கினாளே, நேற்று எப்படி முடியவில்லை என்றாள் என்று அப்பா கேட்பது அதனால்தான். அவர் கேட்க வேண்டியது, தூக்கிய மறுநாள் எப்படி இருந்தாய் என்பதை.

நெஞ்சு படபடப்புக்கு வருகிறேன். என் மருமகனுக்கும் ஈசிஜி சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அதைப் படுக்க வைத்து எடுத்தார்கள். ஒரு மழை நாள் பிற்பகலில் அவனைப் பத்து நிமிடம் பேசாமல் படுக்க வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன்: 72. பிறகு சுவரோடு சாய்ந்து நிற்கச் செய்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினேன். எட்டாவது நிமிடத்தில் 114. பாதம் ஊதா நிறமாகி, மாமா உட்காரட்டுமா என்று கேட்டான். எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள், இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, நாடித்துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடுவதும், அது மாதக்கணக்கில் தொடர்வதும் வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிற ஒரு கோளாறு. நிற்கும்போது இரத்தத்தை மேலே ஏற்ற வேண்டிய நரம்பு ஒழுங்கு தடுமாறுவதால் அது வருகிறது, நீண்ட கொவிட் உள்ளவர்களில் அடிக்கடி காணப்படுகிறது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் தனியாக வேண்டாம். பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், தலை சுற்றினால் உடனே படுத்துவிட வேண்டும். உட்கார்ந்துகொண்டு காய் நறுக்குவது, உட்கார்ந்துகொண்டு குளிப்பது, தண்ணீரைக் கூடுதலாகக் குடிப்பது எல்லாம் அவனுக்கு உதவின. உப்பைக் கூட்டுவது மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டியது.

மறதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2024 இல் வெளியிட்ட அறிவுத்திறன் சோதனையில், தொல்லை நீடித்தவர்களுக்கு நினைவிலும் சிந்தனையிலும் அளக்கக்கூடிய சிறு பின்னடைவு தெரிந்தது. நீங்கள் மந்தமாகிவிடவில்லை, சாமான் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நீண்ட கொவிட் என்று நாமே முடிவு கட்டிவிடவும் கூடாது. இரத்தச்சோகை மலையகத்துப் பெண்களிடம் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் களைப்பையும் படபடப்பையும் தரும், அதற்கு மருந்தும் உண்டு. இரும்புச் சத்து, தைரொயிட், சீனி ஆகிய இரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினாலோ உடம்பு மெலிந்தாலோ மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதிக்க வேண்டும். காசநோய்க்கான சிகிச்சை இலவசம். நெஞ்சுவலி வந்தாலோ மயங்கி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

வைத்தியரைப் பார்க்கும்போது நம்மவர்களுக்கு நடப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். நீங்கள் பத்து நிமிடமாகத் தமிழில் சொன்னதை, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் ‘மஹன்சி’ என்று ஒரே சிங்களச் சொல்லில் வைத்தியரிடம் முடித்துவிடுவார். களைப்பாம் என்று கேட்ட வைத்தியர் விற்றமின் எழுதுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். ஆகையால் ஒரு கொப்பி வைத்து, இடப்பக்கத்தில் இன்று செய்ததையும் வலப்பக்கத்தில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு இருந்த நிலையையும் எழுதிவாருங்கள். எந்த அளவு வேலைக்குப் பிறகு சரியவில்லை என்பது அதிலேயே தெரியவரும். அதைவிடச் சற்றுக் குறைவான இடத்தில், உற்சாகமாக இருக்கிற நாளிலும், நிறுத்திக்கொள்ள வேண்டும். முழுக் குடம் வேண்டாம், அரைக் குடம் போதும்; களைத்த பிறகு உட்காராமல், 20 ஆவது படியில் களைக்குமுன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். இதற்கென்று ஏற்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. மருந்து இருக்கிறது என்று விற்க வருபவருக்குக் காசு கொடுக்காதீர்கள். பலர் முதல் ஓரிரு ஆண்டுகளில் தேறுகிறார்கள், சிலருக்குக் கூடுதலான காலம் பிடிக்கிறது, சிலர் முழுமையாகத் தேறுவதில்லை. என் மருமகன் இப்போது ஹட்டனில் ஒரு கடையில் உட்கார்ந்து செய்யும் வேலையை அரை நாள் பார்க்கிறான். பந்து விளையாடுவதில்லை. அம்மா கட்டிய நூல் கையிலேயே இருக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

மூன்று கிழமை எழுதிய பிறகு கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அவற்றை அரைப்பக்கமாகச் சுருக்கிச் சிங்களத்தில் எழுதித் தர எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் சம்மதித்திருக்கிறார்; கிளினிக்குக்குப் போகும் நாளில் அந்தத் தாளை வைத்தியரின் கையிலேயே கொடுங்கள்.