எலும்பும் லூவும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் பெரியப்பா காலமானார். காடாத்து முடிந்து திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்கு அஸ்தி கரைக்கப் போயிருந்தோம். பின்லாந்திலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், “அங்க எலும்புக்கு லூன்னு பேரு மாமா” என்றான். எலும்பில் எ போனால் லும்பு, அது தேய்ந்தால் லூ. கிரேக்கத்தில் எலும்புக்கு ஆஸ்டியோன், நம்மிடம் அஸ்தி. எல்லாமே தமிழிலிருந்து போனவை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது. இதில் எவ்வளவு உண்மை? எலும்பு டாக்டரை ஆர்த்தோ என்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பாவுக்கு என் அஞ்சலி.

உங்கள் கடிதத்தில் இரண்டு உறவுகள் கலந்து கிடக்கின்றன. அஸ்தியும் ஆஸ்டியோனும் சொந்தக்காரர்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம், ஆனால் அந்தச் சொந்தத்தில் தமிழ் இல்லை. எலும்பும் லூவும் சொந்தம் என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை, என்னைக் கேட்டால் அந்த ஒலி ஒற்றுமை தற்செயல்தான்.

அஸ்தி என்றால் நம் பக்கத்தில் சாம்பல் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், கரைக்கிறோம் என்று சொல்வதே அதனால்தான். காடாத்து அன்று காலையில் பார்த்திருப்பீர்கள். பாலும் தண்ணீரும் தெளித்து, கால் பக்கத்திலிருந்து தொடங்கித் தலைவரை துண்டு துண்டாகப் பொறுக்கிக் கலயத்தில் போடுவது எலும்பைத்தான், சாம்பல் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. சமஸ்கிருத அஸ்திக்கு நேர்ப்பொருள் எலும்பு. கிரேக்க ஆஸ்டியோன், லத்தீன் ஓஸ், பாரசீக உஸ்துகான் எல்லாம் அதன் உடன்பிறப்புகள்.

இவற்றை ஒரே குடும்பம் என்று சொல்வது காதுக்கு ஒன்றாகக் கேட்பதால் இல்லை. சசூர் என்ற சுவிஸ் இளைஞர், அப்போது அவருக்கு 21 வயது, 1878 கடைசியில் ஒரு புத்தகம் போட்டார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் அடங்கிய இந்தோ ஐரோப்பிய மொழிகளின் மூலத்தில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்க வேண்டும், அப்படி வைத்துக்கொண்டால்தான் உயிரெழுத்துகள் மாறுகிற கணக்கு நேராகிறது என்றார். அந்த ஒலிகள் எந்த மொழியிலும் கிடைக்கவில்லை, வெறும் கணக்கு. அப்புறம் துருக்கியில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளிலிருந்த ஹிட்டைட் மொழியை 1915ல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் படித்துக்காட்டினார். 1927ல் குரிலோவிச் என்ற போலந்துக்காரர், சசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் தொண்டையிலிருந்து வரும் ஒரு ஹகரம் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். ஹிட்டைட்டில் எலும்புக்குச் சொல் ஹஷ்தாய். அஸ்தி, ஓஸ், ஆஸ்டியோன் மூன்றிலும் தொலைந்துபோன முதல் ஒலி அங்கே களிமண்ணில் பதிந்து கிடக்கிறது. எனக்கு இது எத்தனை தடவை படித்தாலும் அலுக்காத கதை.

சரி, எலும்புக்கு வருவோம். நீங்கள் பின்லாந்துக்குப் போகும் முன் பக்கத்து வீடுகளைக் கேட்டிருக்கலாம். மலையாளத்தில் எல்லு, துளுவில் எலு, கன்னடத்தில் எலுவு அல்லது எலுபு, தெலுங்கில் எம்மு, எமுக. இந்தத் தெலுங்குச் சொல்லைப் பார்த்ததும் இதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும், லகரத்தையே காணோமே. ஆனால் பாம்பு தெலுங்கில் பாமு, வேம்பு வேமு, இரும்பு இனுமு. நம் மதகைப் பழைய கல்வெட்டுகள் தூம்பு என்கின்றனவே, அது அங்கே தூமு. தமிழில் ம்பு வரும் இடத்தில் தெலுங்கில் மு. அப்படியானால் எலும்புக்கு நேராக எல்மு மாதிரி ஒன்று இருந்திருக்க வேண்டும், லகரம் மகரத்தோடு கலந்து எம்மு ஆகிவிட்டது. கன்னடத்தில் அதே இடத்தில் வு அல்லது பு வருகிறது: ஹாவு, பேவு, தூபு, எலுபு. பாம்புக்கும் ஹாவுக்கும் ஒலியில் என்ன ஒற்றுமை? ஒன்றுமில்லை. ஆனாலும் அவை ஒரே சொல், ஏனென்றால் அந்த மாற்றம் வரிசையாக மற்ற சொற்களிலும் நடந்திருக்கிறது. ஒலி ஒன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், வித்தியாசம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேளுங்கள். லட்சக்கணக்கான வாட்ஸ்அப் செய்திகள் இந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடும்.

நம் என்பும் இந்தக் கூட்டம்தான். அன்புடைமை அதிகாரத்தில் மட்டும் நான்கு குறள்களில் வருகிறது. சம்பந்தர் வேதாரண்யத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பும்போது பாடியதாகச் சொல்லும் கோளறு பதிகத்தில் “என்பொடு கொம்பொடாமை” என்று இரண்டாம் பாட்டு தொடங்குகிறது, டெல்டாவில் பாதி வீடுகளில் இன்றும் அதைப் பாராயணம் செய்கிறார்கள்.

கன்னடக்காரர்கள் இன்று எலும்புக்கு அதிகம் சொல்வது மூளெ. நமக்கு மூளை தலைக்குள் இருப்பது, ஆனால் பழந்தமிழில் எலும்புக்குள் இருக்கும் சோற்றுக்கும் அதுதான் பெயர், சித்த வைத்தியத்தின் ஏழு உடற்கட்டுகளில் என்புக்கு அடுத்து வருகிற மூளை அதுதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நல்லி கேட்டு வாங்கி, தட்டித் தட்டி உறிஞ்சுகிறோமே, அந்தச் சமாச்சாரம். உள்ளே இருப்பதன் பெயர் கன்னடத்தில் ஓட்டுக்குப் போய்விட்டது. எலும்பு உடம்போடு பிறந்த அடிப்படைச் சொல், மாறவே மாறாது என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஜெர்மனில் பைன் என்பது முன்பு எலும்பு, இப்போது கால்.

இனி லூ. பின்னிஷ், எஸ்டோனியன் இரண்டிலும் லூ, ரஷ்யாவில் மாரி மக்கள் பேசும் மொழியில் லு. இந்த யூரலிக் குடும்பத்தின் மூல வடிவம் லுவெ என்று ஆய்வாளர்கள் கட்டியிருக்கிறார்கள். உங்கள் லும்பை விடக் கன்னட எலுவு இதற்கு நெருக்கமாகக் கேட்கிறது. தமிழில் லகரம் சொல் முதலில் வராது, அதனால் எ முன்னால் ஒட்டிக்கொண்டது என்றுகூட ஒருவர் வாதாடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மலையாள எல்லுவையும் துளு எலுவையும் பாருங்கள், அவற்றில் ம்புவும் இல்லை, வுவும் இல்லை. ஆக அது பின்னால் சேர்ந்த ஒட்டு, வேர் எல் மட்டுமே. யூரலிக்கிலோ வகரம் வேரிலேயே இருக்கிறது. ஒட்டைக் கழற்றிவிட்டால் இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரே ஒரு லகரம்.

ஒரு லகரத்தை வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடுவதென்றால் சோமாலியாவுக்கும் பத்திரிகை வைக்க வேண்டும். அங்கே எலும்பு லஃப், எத்தியோப்பியாவின் ஒரோமோ மொழியில் லஃபே. அந்த மொழிகளின் தூரத்துச் சொந்தமான பழைய எகிப்தியத்தில் எலும்புக்கு வேறு சொல், ககரமும் ஸகரமும் உள்ளது. அது எகிப்தியத்தின் பிற்கால வடிவமான காப்டிக்கில் கஸ், பெர்பரில் இகெஸ், நைஜீரியாப் பக்கம் ஹவுசாவில் கஷி. ஒரே பெருங்குடும்பத்துக்குள்ளேயே எலும்புக்கு இரண்டு சொல் ஓடும்போது, குடும்பம் விட்டுக் குடும்பம் ஒற்றை அசையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

திராவிட யூரலிக் உறவு என்ற கேள்வியே அபத்தம் என்று நான் சொல்லவில்லை. கால்டுவெல் 1856லேயே அந்தப் பக்கம் கை காட்டினார். எமனோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதி தொகுத்த பரோ, 1944ல் இரு குடும்பங்களின் உடல் உறுப்புச் சொற்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இவற்றையெல்லாம் இன்னும் சில குடும்பங்களோடு சேர்த்துப் பெருங்குடும்பமாகக் கட்ட நாஸ்ட்ராடிக் என்ற பெயரில் ரஷ்ய அறிஞர்கள் பெரும்பாடு பட்டார்கள், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. பத்தாயிரம் வருஷத்தை நெருங்கும்போது ஒலிகள் அவ்வளவு தேய்ந்துவிடுகின்றன, உறவு எது தற்செயல் எது என்று பிரிக்க நமக்கு வழி இல்லை.

உங்கள் மருமகன் அடுத்து கையைச் சொல்வான் பாருங்கள், பின்னிஷில் கேசி. கை, கேசி, ஆஹா என்று இருக்கும். அவனிடம் “கையின்” என்பதைப் பின்னிஷில் சொல்லச் சொல்லுங்கள். கேதென் என்பான். உள்ளே ஒளிந்திருக்கும் பழைய வடிவம் கேதெ, நடுவில் ஒரு தகரம். நம் கையில் அது எங்கே இருக்கிறது?

ஆர்த்தோவுக்கு எலும்போடு ஒரு சம்பந்தமும் இல்லை. நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741ல் குழந்தைகளின் உடற்கோணலைச் சரிசெய்வது பற்றிய தன் புத்தகத்துக்குத் தலைப்பு வைக்க, நேரான என்று பொருள்படும் ஆர்த்தோஸையும் குழந்தையைக் குறிக்கும் பைதியோனையும் கிரேக்கத்திலிருந்து எடுத்து ஒட்டவைத்தார். எலும்பு வருவது ஆஸ்டியோபொரோசிஸில், அதாவது வயதானால் நம் அம்மாக்களுக்கு வருகிற எலும்புப் புரை நோயில்.