தொல்லியல் படித்தவர்களுக்கு வெளிநாட்டில் என்ன மதிப்பு? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டை: தொல்லியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். இங்கிலாந்தில் என் பட்டம் செல்லுமா?

செல்லும். ஆனால் அங்கே தொழில்முறை அங்கீகாரம் தரும் சிஐஎஃப்ஏ (தொல்லியலாளர்களுக்கான பட்டய நிறுவனம்) அமைப்பு பட்டத்தைவிட, செய்த வேலையைத்தான் துருவிப் பார்க்கும். 1982இல் தொடங்கிய இந்த அமைப்பு 2014இல் அரச பட்டயம் பெற்றது. உறுப்பினர்களுக்கு பிராக்டிஷனர், அசோசியேட், மெம்பர் என மூன்று படிகள். உங்கள் பொறுப்பின் அளவைப் பொறுத்தே படி அமையும். அமெரிக்காவின் தொழில்முறைத் தொல்லியலாளர் பதிவேட்டில் ஆர்பிஏ தகுதி பெற, முதுகலைப் பட்டத்தோடு ஆய்வேடோ அதற்கு இணையான ஆய்வறிக்கையோ எதிர்பார்ப்பார்கள்.

காசிமேடு: அகழாய்வில் வேலை பார்த்தேன், அறிக்கையில் என் பெயர் இல்லை. சிஐஎஃப்ஏவுக்கு விண்ணப்பிக்கும்போது எதைக் காட்டுவது?

எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் இது. வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து மண்ணடுக்கைப் பிரித்தவரின் பெயர் அறிக்கையில் இருக்க வேண்டாமா? குழிப் பதிவேடும் வரைபடமும் அகழாய்வை நடத்தியவர்களுடையவை. அனுமதியின்றி நகல் எடுக்காதீர்கள். அகழாய்வு இயக்குநரிடம் கடிதம் கேளுங்கள். 'நன்றாக வேலை செய்தார்' என்ற ஒரு வரி உதவாது. எந்தக் குழி, அடுக்கின் நிறத்தையும் இறுக்கத்தையும் யார் பதிந்தது, குழிச் சுவரின் வெட்டுமுகத்தை யார் வரைந்தது, பானை ஓடுகளை யார் வகைப்படுத்தியது, எதை நீங்களே முடிவு செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வேலை முடிந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள், தம்பி.

திருவொற்றியூர்: சிஐஎஃப்ஏ உறுப்பினரானால் இங்கிலாந்து விசா கிடைத்துவிடுமா?

இல்லை, அது வேறு வழி. கட்டுமானத் தளங்களில் வேலை செய்ய அங்கே சிஎஸ்சிஎஸ் பாதுகாப்பு அட்டையும் கேட்பார்கள்.

வண்ணாரப்பேட்டை: நம் நாட்டில் சிஐஎஃப்ஏ போல ஓர் அமைப்பு உண்டா?

வழக்கறிஞர்களுக்கு 1961லும் கட்டடக் கலைஞர்களுக்கு 1972லும் சட்டம் வந்து, பதிவும் கவுன்சிலும் அமைந்தன. தொல்லியலாளர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்டாயம் வேண்டும் என்பேன். நடத்தை விதியும் புகார் சொல்ல ஓர் இடமும் இருந்திருந்தால் காசிமேட்டுத் தம்பி இன்று இப்படிக் கேட்க வேண்டியிருக்காது.

ராயபுரம்: லண்டனில் சிஐஎஃப்ஏ உறுப்பினராக இருக்கும் என் அண்ணன், இங்கே பழைய நகரச் சுவருக்கு அருகில் தோண்டிப் பார்க்கலாமா?

கூடாது. 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியில் தோண்ட உரிமம் வேண்டும். அதற்கு வெளியே அகழாய்வு செய்ய மாநில அரசே மத்திய அரசின் முன் அனுமதியைப் பெற வேண்டும். அண்ணன் முறையாக உரிமம் பெற்ற குழு ஒன்றில் சேரட்டும். அங்கே அவர் அனுபவத்துக்கு நல்ல வேலை இருக்கும்.