வங்கி கணக்கை மூடினால் காரணம் சொல்லுமா?

தம்பி, அறைத் தோழரின் கணக்கை வங்கி காரணமே சொல்லாமல் மூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வங்கிகளை ஆய்வு செய்யும்போது பார்க்கும் 'ரெப்யூடேஷன் ரிஸ்க்' (வங்கியின் பெயர் கெடும் அபாயம்) என்பதையே எடுத்துவிட்டார்களாமே, இனி நமக்குப் பயமில்லைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

எனக்கும் இது நடந்தது. நியூஜெர்சியில் நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். எல்லோருடைய வாடகையும் என் கணக்கில்தான் சேரும், ஊருக்கும் அதிலிருந்தே அனுப்புவேன். ஒருநாள் ஒரு பக்கக் கடிதம்: 30 நாளில் கணக்கு மூடப்படும். கிளைக்கு ஓடினேன். கணக்குத் திறந்து கொடுத்த அதே அம்மா கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கே ஒன்றும் காட்டவில்லை" என்றார். சம்பளம் விழ இன்னும் ஆறு நாள்.

இப்போது எடுத்தது வேறு விஷயம். வங்கியை ஆய்வு செய்ய வரும் அரசு அதிகாரி, "இந்த வாடிக்கையாளரால் உங்கள் பெயர் கெடும்" என்று சொல்லி நெருக்க முடிந்தது. சட்டப்படி நடக்கும் தொழில்களும் இதில் அடிபட்டன. சில தொழில்களுக்கு வங்கிகள் சேவை கொடுப்பதை விசாரிக்க அமெரிக்க நீதி அமைச்சகம் 2013இல் தொடங்கிய 'ஆபரேஷன் சோக் பாயிண்ட்' மீது எழுந்த பெரிய புகாரே அதுதான். பெயர் கெடுவதை எந்தக் கணக்கில் அளப்பது? அதை எடுத்தது சரி என்பேன். தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஓசிசி 2025 மார்ச்சில் நிறுத்தியது, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஜூனில். ஆனால் வங்கிகள் தங்கள் சொந்த நிர்வாகத்தில் அதைப் பார்ப்பதற்குத் தடையில்லை என்று ஃபெடரல் ரிசர்வே சொல்லிவிட்டது.

நம் கணக்குகள் பெரும்பாலும் சிக்குவது பணமோசடித் தடுப்புக் கண்காணிப்பில். அது அப்படியேதான் இருக்கிறது. சந்தேகமான பணப் பரிமாற்றம் என்று வங்கியிலிருந்து அரசுக்கு அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே சட்டம் விடாது. கிளையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் இன்னொரு வங்கியிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தில் கொஞ்சம் அங்கேயும் போகட்டும். வாடகையை ஒவ்வொருவரும் நேராக வீட்டுக்காரருக்கே அனுப்பட்டும். ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் வங்கி அரசுக்குத் தெரிவிக்கும், அது சாதாரண நடைமுறை. அதற்குப் பயந்து 9,000, 9,500 என்று பிரித்துப் போடாதீர்கள். பணம் நல்ல பணமாக இருந்தாலும், அப்படிப் பிரிப்பதே குற்றம்.

அப்புறம், வீடு மாறினால் அன்றைக்கே வங்கியில் முகவரியை மாற்றிவிடுங்கள். என் மிச்சப் பணத்துக்கான காசோலை பழைய வீட்டுக்குப் போய், கைக்கு வர ஏழு வாரம் ஆனது.